பற்றரி நிறைந்திருந்தும் எஞ்சின் ஏன் ஓடுகிறது? பிளக்-இன் ஹைபிரிட் கார்களும் புளொக் ஹீற்றரும்

முதல் கடுங்குளிர் வந்த காலையில், பிளக்-இன் ஹைபிரிட் கார் வைத்திருக்கும் எம்மவர் வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது. இரவு முழுவதும் சார்ஜ் ஏறியிருக்கிறது. மீற்றரில் பற்றரி நிறைந்திருப்பதாகக் காட்டுகிறது. ஆனாலும் காரை எடுத்துத் தெருமுனைக்குப் போவதற்குள் எஞ்சின் உறுமத் தொடங்குகிறது. பெற்றோல் செலவைக் குறைக்கவென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வாகனம் இது. பற்றரி பழுதாகிவிட்டதா, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பெரும்பாலும் இரண்டுமில்லை. குளிரில் எஞ்சினை ஓட்டும்படியே அந்த வாகனம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அது எப்போது ஓடும், எதற்காக ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டால், புளொக் ஹீற்றர் எனப்படும் சிறிய மின்சூடாக்கி உங்களுக்குத் தேவையா இல்லையா என்பதை நீங்களே கணக்குப் பார்த்து முடிவு செய்யலாம்.

எஞ்சின் தானாக ஓடுவதற்கான காரணங்கள்

முதற்காரணம் காருக்குள் இருப்பவர்களுக்குத் தேவைப்படும் சூடு. சாதாரணப் பெற்றோல் காரில் ஹீற்றருக்கு என்று தனியாக எரிபொருள் செலவாவதில்லை. எஞ்சின் வீணாக்கும் வெப்பமே கூலன்ற் திரவத்தின் வழியாக உள்ளே வருகிறது. மின்சாரத்தில் ஓடும்போது அந்த வீண்வெப்பம் இல்லை. ஆகவே சூட்டைப் பற்றரியிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது எஞ்சினை ஓட்ட வேண்டும்.

இதில் ஒவ்வொரு வாகனமும் ஒவ்வொரு விதம். 2012இல் வந்த பழைய ரொயோட்டா பிரியஸ் பிளக்-இன் வாகனத்தில் 4.4 கிலோவாற் மணி பற்றரிதான் இருந்தது. உள்ளே சூடு வேண்டுமென்றால் எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். பின்னர் வந்த பிரியஸ் பிரைம், ராவ்4 பிரைம் ஆகியவற்றில் மின்சாரத்தில் இயங்கும் வெப்பப் பம்பு இருக்கிறது. ஆனால் வெளிவெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால், ஹீற்றரைப் போட்டதும் எஞ்சின் துணைக்கு வரும். 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட செவ்ரோலே வோல்ற் வாகனத்தின் 2013க்குப் பிந்திய மாதிரிகளில், இந்த எல்லையை 2 பாகையிலா மைனஸ் 9 பாகையிலா வைப்பது என்று உரிமையாளரே தெரிவு செய்யலாம். வேறு சில வாகனங்களில் முன்கண்ணாடியின் உறைபனியை நீக்கும் பொத்தானை அழுத்தினாலே எஞ்சின் எழும்பிவிடும்.

இரண்டாவது காரணம் பற்றரியின் குளிர். லித்தியம் பற்றரி உறைகுளிரில் வழமையான வலுவைக் கொடுக்காது. பிரேக் பிடிக்கும்போது திரும்பிவரும் மின்சாரத்தையும் முழுமையாக ஏற்காது. நெடுஞ்சாலையில் ஏறும்போது வேகத்தை அழுத்திக் கேட்டால், குறைந்த வலுவை ஈடுசெய்ய எஞ்சின் வரும்.

மூன்றாவது காரணம் தூரம். பற்றரி தீர்ந்தபின் எஞ்சின்தான் கதி. குளிரில் அந்தத் தூரம் மேலும் சுருங்கிவிடுகிறது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2019இல் மின்கார்களைச் சோதித்தது. மைனஸ் 7 பாகையில் ஹீற்றர் போடாமல் ஓடியபோது தூரம் சராசரியாக 12 வீதம் குறைந்தது. ஹீற்றரைப் போட்டபோது 41 வீதம் குறைந்தது. குளிர்காலத்தில் பற்றரியைத் தின்பது பெருமளவுக்கு ஹீற்றர்தான் என்பது இதிலிருந்து விளங்கும்.

குளிர்ந்த எஞ்சின் ஏன் இவ்வளவு குடிக்கிறது?

உறைகுளிரில் எஞ்சின் எண்ணெய் தடித்துவிடுகிறது. பெற்றோல் சரியாக ஆவியாகாததால் எஞ்சின் கூடுதலான பெற்றோலைத் தெளித்து எரிக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் பாகமும் சூடாகும்வரை முழுமையாக வேலை செய்யாது. அதனால் முதல் சில கிலோமீற்றர்களில்தான் எரிபொருளும் வீண், புகையும் அதிகம்.

அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கின்படி, வெளியே 25 பாகை இருக்கும் நாளோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 பாகையில் நகரத்துக்குள் ஓடும் சாதாரணப் பெற்றோல் காரின் சிக்கனம் சுமார் 15 வீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீற்றர் குறுந்தூர ஓட்டத்தில் இழப்பு 24 வீதம் வரை போகலாம். ஹைபிரிட் வாகனங்களுக்கு இழப்பு 30 முதல் 34 வீதம். ஹைபிரிட்டின் சிக்கனமே எஞ்சினை அடிக்கடி நிறுத்துவதில்தான் இருக்கிறது. எஞ்சின் சூடாகும்வரை அதை நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் அதுவும் ஒரு சாதாரணப் பெற்றோல் கார்தான்.

பிளக்-இன் ஹைபிரிட்டில் இது இன்னும் சிக்கல். எஞ்சின் சிறிது நேரம் ஓடி, நின்று, ஆறி, மறுபடியும் ஓடுகிறது. இப்படி ஒருபோதும் நன்றாகச் சூடாகாத எஞ்சினில், எரியாத பெற்றோலும் ஈரமும் எண்ணெயோடு கலக்கும். குளிர்காலம் முழுவதும் பிள்ளைகளை ஐந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பள்ளிக்கும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும், கோயிலுக்கும், கடைக்கும் மட்டும் ஏற்றியிறக்கும் வாகனத்துக்கு இது பொருந்தும். பெற்றோல் அதிகம் ஓடவில்லை என்று எண்ணெய் மாற்றும் காலத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

புளொக் ஹீற்றர் என்றால் என்ன?

கனடாவின் மேற்கு மாகாணங்களில் வாழும் எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வின்னிபெக்கிலும் சஸ்கற்றூனிலும் எட்மன்ரனிலும் கார்களின் முன்பக்கத்தில் ஒரு பிளக் தொங்கிக்கொண்டிருக்கும். வாகனத் தரிப்பிடங்களில் வரிசையாக மின்முனைகள் இருக்கும். ஒன்ராறியோவில் வாழும் பலர் அதைக் கண்டதேயில்லை.

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் கிராம மின் கூட்டுறவு ஒன்றை நிர்வகித்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினின் மேற்பகுதியை இறுக்கும் ஆணிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருத்தும் மின்சூடாக்கி அது. இன்று பல வகைகள் உண்டு. சில கூலன்ற் திரவத்துக்குள் அமிழ்ந்திருக்கும். சில எஞ்சின் உலோகத்தில் உள்ள துளைக்குள் செருகப்படும். பிரியஸ் கார்களுக்குக் கிடைப்பது இந்தச் செருகும் வகைதான். அதன் வலு 400 வாற். வேறு வாகனங்களில் 1000 வாற் வரையும் அதற்கு மேலும் இருக்கலாம். நோர்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில், எஞ்சினையும் காரின் உட்பகுதியையும் சேர்த்துச் சூடாக்கும் தொகுதிகள் வழமையானவை. நோர்வேயின் டெஃபா நிறுவனத்தின் தொகுதிகளை அங்குள்ளவர்கள் நன்கு அறிவார்கள்.

ஹைபிரிட் தயாரித்தவர்களும் இந்தப் பிரச்சினையை அறிந்தே இருந்தார்கள். 2004 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை பிரியஸில் ஏறத்தாழ 3 லீற்றர் சூடான கூலன்றைச் சேமித்து வைக்கும் ஒரு வெந்நீர்ப் போத்தலே இருந்தது. எங்கள் வீட்டுத் தேநீர்ப் பிளாஸ்க் போன்றதுதான். காரை எடுக்கும்போது அந்தச் சூட்டை எஞ்சினுக்குள் செலுத்தும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கிலோவாற் மணி என்பது ஊரில் மின்பட்டியலில் நாம் பார்த்த ஓர் ‘அலகு’. 400 வாற் ஹீற்றர் இரண்டு மணி நேரம் இருந்தால் 0.8 அலகு செலவாகும். நூறு கிலோ அளவு உலோகமும் ஐந்தாறு லீற்றர் கூலன்றும் கொண்ட ஒரு எஞ்சினை, வெப்பம் எதுவும் வெளியேறாவிட்டால், இது சுமார் 30 பாகை உயர்த்தும். குளிர்காற்றில் இழப்பு இருப்பதால் உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. வெளியே மைனஸ் 20 என்றால் எஞ்சின் பூச்சியத்தை அண்டி நிற்கும். அதுவே எண்ணெய் இளகவும் எஞ்சின் விரைவில் சூடாகவும் போதும்.

இனிப் பணம். மின்சாரம் அலகுக்கு 12 சதம், பெற்றோல் லீற்றருக்கு 1.50 டொலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேர ஹீற்றருக்குச் செலவு ஏறத்தாழ 10 சதம். அது 65 மில்லிலீற்றர் பெற்றோலின் விலை. அதற்கு மேல் பெற்றோல் மிச்சமானால் உங்களுக்கு இலாபம். கடுங்குளிரில் எஞ்சின் ஓடியே தீரும் ஒரு காலையில் அந்த அளவு மிச்சமாவது கடினமல்ல. மைனஸ் 20 பாகையில் புளொக் ஹீற்றர் மொத்த எரிபொருள் சிக்கனத்தை 10 வீதம் வரை கூட்டலாம் என்று கனடாவின் இயற்கை வளத் திணைக்களம் சொல்கிறது. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் ரைமர் வைத்தால் போதும் என்பதும் அதன் ஆலோசனை.

அதே ஹீற்றரை இரவு 9 மணிக்குச் செருகிவிட்டுக் காலை 7 மணிக்குக் கழற்றினால் 4 அலகு, 48 சதம். அது 320 மில்லிலீற்றர் பெற்றோலின் விலை. எஞ்சினோ இரண்டு, மூன்று மணி நேரத்தில் எட்டும் சூட்டுக்கு மேல் அதிகம் போகாது, ஏனெனில் ஏறும் வெப்பமும் இழக்கும் வெப்பமும் சமமாகிவிடுகின்றன. அந்த 4 அலகைப் பற்றரியில் ஏற்றியிருந்தால் குளிர்காலத்திலும் 12 முதல் 15 கிலோமீற்றர் வரை ஓடியிருக்கலாம். இரவு முழுவதும் செருகிவைப்பது நட்டம்.

ஒன்ராறியோவில் உள்ளவர்கள் 2023 மே மாதம் அறிமுகமான இரவுநேரச் சலுகைக் கட்டணத்தையும் பார்க்கலாம். இரவு 11 முதல் காலை 7 வரைக்குமான அந்தக் கட்டணம் தொடக்கத்தில் அலகுக்கு 2.4 சதமாக இருந்தது, பின்னர் கூடியிருக்கிறது. ஆனால் வேலைநாட்களில் மாலை 4 முதல் 9 வரை அத்திட்டத்தில் கட்டணம் மிக அதிகம். அந்த நேரத்தில் வீட்டில் சமையலும் உடுப்புத் தோய்ப்பும் அதிகமென்றால், முழுப் பட்டியலையும் கணக்கிட்டே மாறுங்கள்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

எஞ்சின் அன்று எப்படியும் ஓடப்போகிறதா என்பதே கேள்வி. ஓடப்போவதில்லை என்றால் அதைச் சூடாக்குவது வீண்.

மைனஸ் 3 பாகையில் 15 கிலோமீற்றர் வேலைக்குப் போய், அங்கே சார்ஜ் ஏற்றித் திரும்பும் ஒருவருக்கு எஞ்சின் ஓடாமலே நாள் முடியலாம். அவருக்கு ஹீற்றர் தேவையில்லை. சூடான நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் காரை விடும் தொடர்மாடிக் குடியிருப்பாளருக்கும் தேவையில்லை. மைனஸ் 18 பாகையில் வெளியே நிற்கும் காரை அதிகாலை 4 மணிக்கு எடுத்து, 60 கிலோமீற்றர் தள்ளி வேலைக்குப் போகிறவருக்கு அது உண்மையான உதவி. சார்ஜ் ஏற்ற வசதியில்லாமல் வாடகை வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் இருப்பவர் பிளக்-இன் ஹைபிரிட்டைப் பெரும்பாலும் பெற்றோலிலேயே ஓட்டுகிறார். மின்முனை ஒன்றுக்கு வீட்டுக்காரர் சம்மதித்தால், அவர் முதலில் அதில் சார்ஜ் ஏற்றட்டும். ஹீற்றர் அதற்குப் பிறகுதான்.

ரைமரை எவ்வளவு நேரத்துக்கு வைப்பது என்பதற்கு நோர்டிக் நாடுகளின் நடைமுறை நல்ல வழிகாட்டி. பூச்சியத்தை அண்டிய நாட்களில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். மைனஸ் 10க்குக் கீழே இரண்டு மணி நேரம். மைனஸ் 20க்குக் கீழே மூன்று மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம்.

ஹீற்றருக்கு முன் செய்ய வேண்டியவை

செலவில்லாத வழிகளை முதலில் செய்யுங்கள். காரைச் சார்ஜரில் செருகியபடியே விடுங்கள். பல வாகனங்கள் உறைகுளிரில் பற்றரியைத் தாமே சூடாக்கிக்கொள்ளும். அதற்கு மின்சாரம் சுவரிலிருந்து வர வேண்டும். புறப்படும் நேரத்தைக் காரில் அல்லது கைத்தொலைபேசிச் செயலியில் பதிந்து, சார்ஜரில் இருக்கும்போதே உட்பகுதியைச் சூடாக்குங்கள். ஆசனச் சூடாக்கியைப் பயன்படுத்துங்கள். அது ஓர் ஆசனத்துக்கு 50, 60 வாற் அளவே எடுக்கும். முழுக் காரையும் சூடாக்கும் மின்ஹீற்றர் பல ஆயிரம் வாற் எடுக்கும்.

பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரமும் வெளியே காருக்குள் ஹீற்றரைப் போட்டுக் காத்திருப்பது எம்மவரிடையே பரவலான வழக்கம். கடுங்குளிரில் அந்த நேரம் முழுவதும் எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். 3 லீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின் ஒன்று பத்து நிமிடம் சும்மா ஓடினால் 300 மில்லிலீற்றர் பெற்றோல் போகிறது என்பது கனடிய அரசின் கணக்கு. ரொறன்ரோவில் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றபடி எஞ்சினை ஓட்டுவது நகரச் சட்டப்படி தவறும்கூட. கட்டடத்துக்குள் போய் உட்காருவதே எல்லா வகையிலும் நல்லது.

வயரிங்: பலர் கவனிக்காத இடம்

வட அமெரிக்க வீடுகளின் சாதாரண மின்முனை 120 வோல்ற், 15 அம்பியர். காரோடு வரும் சார்ஜர் அதில் 12 அம்பியர் எடுக்கும். 400 வாற் ஹீற்றர் 3.3 அம்பியர் எடுக்கும். இரண்டையும் ஒரே இணைப்பில் செருகினால் 15.3 அம்பியர், ட்ரிப் சுவிட்ச் விழக்கூடும். நள்ளிரவில் விழுந்தால் காலையில் சார்ஜும் இருக்காது, சூடும் இருக்காது. கராஜில் இரண்டு மின்முனைகள் இருந்தாலும் அவை ஒரே இணைப்பில் இருக்கக்கூடும். ஆகவே ஹீற்றருக்குத் தனி இணைப்பு வேண்டும், அல்லது சார்ஜ் முடிந்தபின் ஹீற்றர் தொடங்கும்படி ரைமரை வைக்க வேண்டும்.

ஹீற்றருக்கு வெளிப்பாவனைக்கென்று குறிக்கப்பட்ட, தடித்த, மூன்று முனை வயரையே பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் பாவிக்கும் மெல்லிய வயர் சூடாகித் தீப்பற்றலாம். ரைமரும் வெளிப்பாவனைக்கு உரியதாக இருக்கட்டும். கார் சார்ஜரை நீட்டு வயரில் செருகாதீர்கள்.

பொருத்துவதை விபரம் தெரிந்தவரிடம் விடுங்கள். செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை; அவற்றில் கை வைக்கக் கூடாது. உங்கள் மாதிரிக்கு என்று தயாரிப்பாளர் அங்கீகரித்த ஹீற்றர் உண்டா என்பதை, வாகன அடையாள இலக்கத்தைக் கொடுத்து விற்பனை நிலையத்தின் உதிரிப்பாகப் பிரிவில் கேளுங்கள். எல்லா மாதிரிக்கும் கிடைப்பதில்லை. பொருந்தாத ஒன்றைப் பூட்டி உத்தரவாதத்தை இழப்பதைவிட இல்லாமலே ஓட்டலாம்.

கராஜும் காபன் மொனொக்சைட்டும்

பணத்தைவிடப் பெரிய விடயம் இது. குளிருக்காகக் கராஜுக்குள் வைத்தே காரைச் சூடாக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. பிளக்-இன் ஹைபிரிட் மின்சாரத்தில்தான் சூடாகும் என்ற நம்பிக்கை அதை இன்னும் ஆபத்தாக்குகிறது. மேலே சொன்ன காரணங்களால், குளிரில் எந்த நேரமும் எஞ்சின் தொடங்கலாம். புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கராஜின் கதவு வழியாக அது வீட்டுக்குள் வரும். மேல் அறையில் தூங்குபவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று: இந்த வாகனங்கள் மின்சாரத்தில் இருக்கும்போது சத்தமே போடுவதில்லை. திறப்பைச் செருகித் திருப்பும் வழக்கமும் இல்லை. பொத்தானை அழுத்தி நிறுத்த மறந்து உள்ளே போனால், சில வாகனங்களில் பின்னர் எஞ்சின் தானாக எழும்பும். இறங்கும்போது திரை அணைந்துவிட்டதா என்று பார்ப்பதை வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாக வாகனத்துக்குப் புதிதான பெரியவர்களுக்கும் இளையோருக்கும், பழக்கிவிடுங்கள். ஐரோப்பாவில் சில வாகனங்களில் இருக்கும், எரிபொருளில் இயங்கும் தரிப்பிட ஹீற்றருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதுவும் புகை விடும்.

கராஜோடு இணைந்த வீடுகளில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2014 ஒக்ரோபர் முதல் சட்டம். உங்கள் வீட்டில் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. புளொக் ஹீற்றரின் பெரிய நன்மைகளில் ஒன்று, எஞ்சினை ஓட்டாமலே அதைச் சூடாக்க முடிவது.

வாங்குமுன் ஒரு சோதனை

உங்கள் வாகனத்தின் கையேட்டில், எந்த வெப்பநிலைக்குக் கீழே எஞ்சின் ஓடும் என்று பாருங்கள். பிறகு இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள்: காலை வெப்பநிலை, போன தூரம், எஞ்சின் ஓடியதா, எத்தனை நிமிடம். பத்து நாளில் இரண்டு நாள்தான் ஓடியது என்றால் ஹீற்றருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். எட்டு நாள் ஓடியது என்றால், ரைமரோடு கூடிய ஒரு 400 வாற் ஹீற்றர் குளிர்காலந்தோறும் உங்களுக்குப் பயன்படும்.